பூஸ்டரைத் திரும்பப் பறக்கவிடுவது எத்தனையாவது பயணத்தில் லாபம் தருகிறது?

வானவில்லன் (கேள்வி):

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் பூஸ்டர்கள் (திரும்பி வந்து இறங்கும் முதல் கட்டங்கள்) சில 30 பயணத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் "மறுபயன்பாடு எப்போது லாபம்?" என்ற கேள்விக்கு இன்னும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. சுமைத்திறன் இழப்பு 40 சதவீதத்துக்குக் கீழ், மீட்புக்கும் புதுப்பிப்புக்கும் ஆகும் செலவு 10 சதவீதத்துக்குக் கீழ், அதனால் இரண்டு பயணத்தில் கணக்கு நேராகிவிடும், மூன்றில் நிச்சயம் லாபம் என்று 2020 ஆகஸ்டில் ஸ்பேஸ்எக்ஸின் எலான் மஸ்க் சொன்னார். அப்போது யு.எல்.ஏ. என்ற போட்டி அமெரிக்க ராக்கெட் நிறுவனத்தின் தலைவராக இருந்த டோரி புரூனோ, எல்லா பூஸ்டர்களின் சராசரியும் 10 பயணம் வந்தால்தான் கட்டுப்படியாகும் என்றார். இருவருமே ராக்கெட் செய்பவர்கள்.

எந்தக் கணக்கு சரி? நாசாவின் விண்கல ஓடமும் (ஸ்பேஸ் ஷட்டில்) திரும்பி வந்தது, அது ஏன் மலிவாகவில்லை? திருப்பிக் கொண்டுவருவதையே விட்டுவிட்டு, புதிய பூஸ்டர்களைப் பெரிய எண்ணிக்கையில் மலிவாகச் செய்தால் என்ன? விரிதாளில் போட்டுப் பார்க்கிறேன், எந்தெந்த எண்களை மாற்ற வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மூன்றாம்விதி:

இருவர் கணக்கும் சரிதான். உள்ளே போட்ட எண்கள்தான் வேறு. ஒருமுறை கையாலேயே போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தூக்கி எறியும் ராக்கெட்டில் ஓர் ஏவுதலின் மொத்தச் செலவு 100 என்று வையுங்கள். 2018-ல் ஃபால்கன் 9-இன் பிளாக் 5 என்ற வடிவம் அறிமுகமானபோது மஸ்க் கொடுத்த பங்கீடு ஏறத்தாழ இப்படி: பூஸ்டர் 60, மேல் கட்டம் 20, ஃபேரிங் (நுனியில் சுமையை மூடியிருக்கும் கூடு) 10, ஏவுதள வேலைகள் 10. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்தே சில லட்சம் டாலர்தான், அதைத் தனியாகக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. பலரும் திரும்பி இறங்க எவ்வளவு எரிபொருள் வீணாகிறது என்று கேட்கிறார்கள். அந்த எரிபொருளின் விலை பொருட்டே இல்லை, அது பிடித்துக்கொள்ளும் எடைதான் பொருட்டு.

இனி திரும்பி வரும் பூஸ்டர். கால்கள், கிரிட் ஃபின்கள் (இறங்கும்போது திசை திருப்பும் சல்லடைத் துடுப்புகள்), கூடுதல் வெப்பக் காப்பு, குளிர்வாயு உந்திகள் எல்லாம் சேர்த்து 10% விலை கூடும் என்பது என் ஊகம். ஆக 66. மீட்பு, புதுப்பிப்பு இரண்டும் சேர்த்து ஒரு பயணத்துக்கு 6. மேல் கட்டம், ஃபேரிங், ஏவுதளம் என்ற 40 ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலவாகும்.

சுமை இழப்புக்கு வெளியிடப்பட்ட எண்களையே எடுப்போம். தாழ் புவிச் சுற்றுப்பாதைக்கு ஃபால்கன் 9 பூஸ்டரை இழந்தால் 22.8 டன் தூக்கும். கடலில் நிற்கும் ட்ரோன்ஷிப்பில் பூஸ்டரை இறக்கினால் சுமார் 17.5 டன். இழப்பு 23%. அதாவது கிலோ ஒன்றுக்கான செலவைப் பார்க்க, மொத்தச் செலவை 0.77-ஆல் வகுக்க வேண்டும்.

ஒரே பயணத்தோடு பூஸ்டர் போய்விட்டால் 145. தூக்கி எறிவதைவிடப் பெரிய நஷ்டம். இரண்டு பயணம் வந்தால் 103. மூன்று என்றால் 88. ஐந்துக்கு 77, பத்துக்கு 68, இருபதுக்கு 64. முடிவே இல்லாமல் பறந்தாலும் 60-க்குக் கீழே இறங்காது. இரண்டில் நேர், மூன்றில் லாபம் என்ற வரி இங்கேயே வந்துவிட்டது பாருங்கள்.

இப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள். புதுப்பிப்புச் செலவு 6 இல்லை, 30. அதாவது புதிய பூஸ்டர் விலையில் பாதி. பத்துப் பயணத்துக்கு 66-ல் பத்தில் ஒரு பங்கு 6.6, அதோடு 30, 40. கூட்டினால் 76.6. அதை 0.77-ஆல் வகுத்தால் 99.5. பத்தாவது பயணத்தில்தான் கணக்கு நேராகிறது. புரூனோ சொன்ன எண்ணுக்குப் போக இந்த ஒரு மாற்றமே போதும். அவர் உண்மையில் போட்ட கணக்கு இதுதான் என்று சொல்ல வரவில்லை. புதுப்பிப்புச் செலவு மாறினால் இந்த வாய்ப்பாட்டின் விடை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

சுமை இழப்புக்கும் அப்படியே. மஸ்க் சொன்ன 40% என்ற மேல் எல்லையைப் போட்டால், மற்ற எண்கள் அப்படியே இருக்க, ஐந்து பயணம் தேவைப்படும். ஃபேரிங்கையும் மீட்டு அந்த 10-ஐ 2 ஆக்கினால் மறுபடி மூன்றுக்கு இறங்கும். புவிநிலை மாற்றுப் பாதைக்கு (உயரமான புவிநிலைப் பாதைக்குப் போகும் செயற்கைக்கோள்களை முதலில் விடும் பாதை) எண்கள் 8.3 டன், 5.5 டன். இழப்பு 34%, நான்கு பயணம் வேண்டும்.

ஆனால் 4 டன் செயற்கைக்கோள் ஒன்றைத் தாழ்ந்த பாதைக்கு ஏற்றும்போது இழப்பு சுழியம். ராக்கெட்டில் எப்படியும் மிச்சமிருந்த திறனைத்தான் தரையிறங்கச் செலவிடுகிறீர்கள். வாடிக்கையாளர் கொடுப்பது ஏவுதலுக்கான விலை, கிலோவுக்கானது அல்ல. அங்கே இரண்டாவது பயணத்திலேயே லாபம். ஆகவே உங்கள் விரிதாளில் "சுமை நிரம்புகிறதா?" என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். இது இல்லாமல் போடும் கணக்குகள் எல்லாமே இழப்பைக் கூட்டிச் சொல்கின்றன.

முதல் கட்டத்தை மட்டும் மீட்பது ஏன் கட்டுப்படியாகிறது என்பதும் இங்கேயே அடங்கியிருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு கிலோ கூடினால் சுமையில் குறைவது ஏறத்தாழ 100 முதல் 150 கிராம். மேல் கட்டத்தில் ஒரு கிலோ கூடினால் ஒரு முழுக் கிலோ போகும். அந்தக் கட்டத்துக்கு வெப்பக் கவசமும் காலும் மாட்டினால் நடுத்தர ராக்கெட்டில் சுமைக்கு இடமே மிஞ்சாது.

---

டர்பைன்:

மூன்றாம்விதி கணக்கைச் சரியா போட்டுட்டார். அந்த 6-க்கும் 30-க்கும் நடுவுல என்ன இருக்குன்னு பார்க்கலாம். அது முழுக்கப் பட்டறை வேலை, ஆள்-மணிக் கணக்கு.

பூஸ்டர் தட்டுல இறங்கினதும் முதல் வேலை அதைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர்றது. மிச்ச ஆக்சிஜனை வெளியேத்தணும், ஹீலியம் அழுத்தத்தை இறக்கணும், பற்றவைக்கிற திரவத்தை வெளியே தள்ளணும். அந்தத் திரவம் டிரைஎத்தில் அலுமினியமும் டிரைஎத்தில் போரேனும் கலந்தது, காத்து பட்டாலே எரியும். அதனால ஆள் கிட்ட போறதுக்கு முன்னாடியே இதெல்லாம் முடியணும். ட்ரோன்ஷிப்ல ஆளே இல்லாம ஒரு ரோபோ வண்டி அடியில நுழைஞ்சு பூஸ்டரைப் பிடிச்சுக்கும். அந்தப் பிடிப்பும் எல்லாத்தையும் தாங்காது. 2023 டிசம்பர்ல 19 பயணம் முடிச்ச பூஸ்டர் ஒண்ணு நல்லா இறங்கின பிறகு, திரும்பி வர்ற வழியில பலத்த காத்துலயும் அலையிலயும் சாய்ஞ்சு உடைஞ்சது. இறங்கிடுச்சுன்னா மீட்டாச்சுன்னு அர்த்தம் இல்லை.

துறைமுகத்துல கிரேன்ல தூக்கி, காலை மடக்கி, படுக்க வெச்சு பட்டறைக்குக் கொண்டுபோவாங்க. அங்க பார்க்க வேண்டியது:

எஞ்சின். ஃபால்கனோட எஞ்சின் பேரு மெர்லின். அதுல எரிபொருளைத் தள்ளுற டர்போபம்பைச் சுத்துற வாயு எரிபொருள் மிகுதியா எரியறது. மண்ணெண்ணெய் அரைகுறையா எரிஞ்சா கரி படியும். டர்பைன் தகடு, வாயு உற்பத்திக் கலன், இன்ஜெக்டர் எல்லாத்தையும் போர்ஸ்கோப் (உள்ள நுழையற குழாய்க் கேமரா) விட்டுப் பார்க்கணும். டர்பைன் சக்கரத்துல மயிரிழை வெடிப்பு வர்றது பழைய பிரச்சினை, பிளாக் 5-ல வடிவமைப்பை மாத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம். அடுத்தது வால்வு, சீல் கசிவுச் சோதனை. தொட்டியோட வெல்டிங் தையல்கள். ஹீலியம் கலன்கள். காலுக்குள்ள இருக்கிற தேன்கூடு அலுமினிய உருளை, வேகமா இறங்கினா நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கிற பாகம், நசுங்கியிருந்தா மாத்தியே ஆகணும். கிரிட் ஃபின் முதல்ல அலுமினியம், திரும்பி வரும்போது ஓரம் தீய்ஞ்சு போகும். 2017-ல டைட்டானியத்துக்கு மாத்தினாங்க. ஒரு ஃபின் விலை ஏறினாலும், ஒவ்வொரு தடவையும் பூச்சு பூசி மாத்துற வேலை ஒழிஞ்சது. புதுப்பிப்புச் செலவைக் குறைக்கிறதுன்னா இதுதான். செய்யும்போதே அதிகம் கொடுத்து, திரும்பி வந்தபிறகு தொட வேண்டியதைக் குறைக்கணும்.

இதுல எதுவும் சும்மா சடங்குக்குச் செய்யறது இல்லை. 2020 மார்ச்ல ஸ்டார்லிங்க் (ஸ்பேஸ்எக்ஸோட சொந்த இணையச் செயற்கைக்கோள்கள்) ஏவுதல்ல மேல போகும்போதே ஒரு எஞ்சின் நின்னது. சுத்தம் பண்ணப் பயன்படுத்தின ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் ஒரு சென்சார் குழாயோட முட்டுச் சந்துல தங்கி, பறக்கும்போது பத்திக்கிச்சு. செயற்கைக்கோள்கள் பாதைக்குப் போயிடுச்சு, பூஸ்டர் போச்சு. 2021 பிப்ரவரியில எஞ்சினைச் சுத்தி இருக்கிற வெப்பத் தடுப்பு உறையில ஓட்டை விழுந்து சூடான வாயு உள்ள புகுந்தது. அந்த உறைகள்லயே அதிக தடவை பறந்தது அதுதான். அந்தத் தடவையும் சுமை போய்ச் சேர்ந்தது, பூஸ்டர் திரும்பலை. முதல்ல சொன்னது புதுப்பிக்கிற வேலையாலயே வந்த கோளாறு, ரெண்டாவது தேய்மானம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. அதிகம் தொட்டா முதல் வகை கூடும், குறைவா பார்த்தா ரெண்டாவது வகை கூடும். செலவோட அடிமட்டம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நிக்கும்.

அதே சமயம், புதுசு எப்பவும் பத்திரம்னும் நினைக்காதீங்க. 2020 அக்டோபர்ல ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஏவுதல் ரெண்டு வினாடி இருக்கும்போது தானா நின்னது. அது புது பூஸ்டர், புது எஞ்சின். செய்முறையில பூசின அரக்கு காய்ஞ்சு ஒரு ரிலீஃப் வால்வோட சின்னத் துளையை அடைச்சிருந்தது. ஏற்கெனவே பறந்து வந்த எஞ்சின்ல இந்த வகைக் கோளாறு அநேகமா முதல் பயணத்துலயே தெரிஞ்சிருக்கும்.

விண்கல ஓடம் பத்திக் கேட்டீங்க. அதுல ஏறத்தாழ 24,000 ஓடுகள், ஒவ்வொண்ணும் தனி வடிவம், கையால பார்த்து ஒட்டணும். மூணு பிரதான எஞ்சின்களையும் ஒவ்வொரு பயணத்துக்கும் கழட்டிப் பார்த்தாங்க. பக்கவாட்டுத் திட எரிபொருள் பூஸ்டர் இன்னும் நல்ல பாடம். பாராசூட்ல தொங்கி வினாடிக்கு சுமார் 23 மீட்டர் வேகத்துல உப்புத் தண்ணியில விழும். ரெண்டு கப்பல் போய் இழுத்துட்டு வரணும், கழுவணும், துண்டு துண்டாப் பிரிக்கணும், ரயில்ல யூட்டாவுக்கு அனுப்பணும், எரிபொருளைத் திரும்ப வார்க்கணும். இவ்வளவுக்கும் மிஞ்சினது என்ன? எஃகு உறை. திட பூஸ்டர்ல விலையுள்ள வேலை எரிபொருளை வார்க்கிறதும் இணைப்புகளும்தான், அது ஒவ்வொரு தடவையும் புதுசு. மலிவான பாகத்தைக் காப்பாத்த அதிகமா செலவு செஞ்சாங்க. திரவ எரிபொருள் பூஸ்டர்ல நேர்மாறு. விலையுள்ள பாகம் எஞ்சின், காஞ்ச நிலத்துலயோ தட்டுலயோ முழுசா வந்து நிக்குது.

உப்புத் தண்ணியைக் குறைச்சு எடைபோட வேண்டாம். ஃபேரிங் மாதிரி நகரும் பாகம் அதிகம் இல்லாத கூட்டைக் கடல்லேருந்து எடுத்துக் கழுவித் திரும்பப் பயன்படுத்த முடியுது. ரெண்டு பாதியும் சேர்ந்து 60 லட்சம் டாலர், வலை கட்டின கப்பல்ல பிடிக்கிற முயற்சியை 2021-ல விட்டுட்டுத் தண்ணியிலேருந்தே எடுக்கிறாங்க. எஞ்சினுக்கு அது வேற கதை, பேரிங்கும் வால்வும் உப்பைத் தாங்காது.

மீத்தேன் எஞ்சின்கள் வர்றதுக்கு முக்கியக் காரணம் கரி. மீத்தேன் எரிஞ்சா படிவு ரொம்பக் குறைவு, கழுவுற வேலையில பெரும்பகுதி போயிடும். ஸ்பேஸ்எக்ஸோட பெரிய ஸ்டார்ஷிப் ராக்கெட்டுக்குப் பூஸ்டரான சூப்பர் ஹெவியில 33 எஞ்சின். 2025 மே மாசம் முதல் முறையா ஒரு பூஸ்டரைத் திரும்பப் பறக்கவிட்டப்ப அதுல 29 ஏற்கெனவே பறந்த எஞ்சின்கள். மண்ணெண்ணெய் எஞ்சினா இருந்தா கழுவுற கணக்கே தனிப் பட்டறை கேட்டிருக்கும்.

---

வானவில்லன்:

நன்றி. பயண எண்ணிக்கையைவிடப் புதுப்பிப்புச் செலவுதான் பெரிது என்று புரிகிறது. ஆனால் மூன்றாவது கேள்வி நிற்கிறது. மலிவாகவும் நிறையவும் செய்தால்? ஐரோப்பாவின் ஆரியேன் 6 2024 ஜூலையில் முதன்முதலில் பறந்தபோதும் தூக்கி எறியும் ராக்கெட்டாகத்தானே வந்தது?

---

ஆலைக்கணக்கு:

இதுவரை போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பூஸ்டரின் விலை 60 என்பது மாறாத எண் அல்ல. ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். மறுபயன்பாடு அந்த எண்ணிக்கையையே குறைத்துவிடுகிறது.

பூஸ்டர் விலையான 60-ல் பாதி பொருளும் நேரடி உழைப்பும், மறுபாதி ஆலையின் நிலைச் செலவு என்று கொள்வோம். ஆண்டுக்கு 10 பூஸ்டர் செய்யும் ஆலை, நிலைச் செலவு 300. இப்போது ஒவ்வொரு பூஸ்டரும் 10 முறை பறக்கிறது, சந்தையோ அதே 10 ஏவுதல். ஆண்டுக்கு ஒரே ஒரு பூஸ்டர். அந்த ஒன்று 300-ஐயும் தானே சுமக்கும். விலை 330. பயணத்துக்கு 33. மூன்றாம்விதியின் 46-ஐ (மற்றவை 40, புதுப்பிப்பு 6) சேர்த்தால் 79, சுமை இழப்புக்கு வகுத்தால் 103. பத்து முறை பறந்தும் நஷ்டம்!

ஆண்டுக்கு 50 ஏவுதல் இருந்தால்? அதே ஆலையில் ஐந்து பூஸ்டர், ஒன்றுக்கு 90, பயணத்துக்கு 9. மொத்தம் 55, வகுத்தால் 71. தூக்கி எறிபவருக்கு ஐந்து மடங்கு ஆலை வேண்டும். கற்றல் பயனால் பூஸ்டர் விலையை 50-க்கு இறக்கினார் என்றாலும் அவருக்கு 90.

2018-ல் ஆரியேன் ராக்கெட்டுகளைச் செய்யும் ஆரியேன் குழுமத்தின் அப்போதைய தலைவர் அலான் ஷார்மோ ஒரு பேட்டியில் இதையே வெளிப்படையாகச் சொன்னார். ஐரோப்பாவுக்கு உறுதியான ஏவுதல் ஆண்டுக்குப் பத்து, ராக்கெட்டும் பத்து முறை பறக்கும் என்றால், ஆண்டுக்கு ஒரு ராக்கெட்தான் செய்வோம், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது அவர் வாதம். அதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் பலர். பத்து ஏவுதல் என்ற எல்லைக்குள் அவர் கணக்கில் பிழை இல்லை. சந்தை பத்தோடு நிற்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. ஸ்பேஸ்எக்ஸ் ஸ்டார்லிங்க் மூலம் தனக்குத் தானே வாடிக்கையாளர் ஆனது. 2024-ல் மட்டும் 130-க்கும் அதிகமான ஃபால்கன் ஏவுதல்கள், அவற்றில் பெரும்பாலானவை அதன் சொந்தச் செயற்கைக்கோள்களுக்கு.

கவனிக்கப்படாத இன்னொரு விஷயம், ஃபால்கன் 9-இன் மேல் கட்டம். பூஸ்டர் போலவே 3.66 மீட்டர் விட்டம், அதே அலுமினியம்-லித்தியம் தொட்டி, அதே மெர்லின் குடும்ப எஞ்சின். பூஸ்டர் உற்பத்தி குறைந்தாலும் மேல் கட்டம் ஒவ்வொரு ஏவுதலுக்கும் ஒன்று வேண்டும். ஆகவே வெல்டிங் கருவிகளும் எஞ்சின் பிரிவும் சும்மா கிடப்பதில்லை, நிலைச் செலவு பகிரப்படுகிறது. ஆரியேன் 6-இல் கீழே ஹைட்ரஜனில் ஓடும் ஒற்றை வல்கெய்ன் எஞ்சின், பக்கத்தில் திட பூஸ்டர்கள், மேலே முற்றிலும் வேறான வின்சி எஞ்சின். திட பூஸ்டருக்கு ஓரளவு துணை உண்டு, அதே மோட்டார் ஐரோப்பாவின் சிறிய ராக்கெட்டான வேகா-சி-யின் முதல் கட்டமாகவும் பயன்படுவதால் அங்கே எண்ணிக்கை கூடுகிறது. இது தூக்கி எறிவதற்காகவே வகுத்த பொருளாதாரம், அந்த அளவில் பொருத்தமானதும்கூட. ஆனால் இந்த அமைப்பைப் பிறகு திரும்பி வரச் செய்ய முடியாது. காலியாகத் திரும்பும் பெரிய கட்டத்தை ஒற்றைப் பெரிய எஞ்சினால் மெல்ல இறக்க முடியாது, உந்துவிசை மிக அதிகம். ஃபால்கனில் ஒன்பதில் ஒன்றை மட்டும் எரித்து, அதையும் குறைத்து வைத்தாலும் காலி பூஸ்டரின் எடையை விஞ்சுகிறது. அதனால்தான் மிதக்காமல், வேகம் சுழியமாகும் கணத்தில் தட்டைத் தொடும்படி இறக்குகிறார்கள். மறுபயன்பாட்டை வரைபட மேசையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

கற்றல் வளைகோட்டைப் பற்றியும் ஒரு சொல். உற்பத்தி இரட்டிக்கும்போதெல்லாம் விலை 85 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று கொண்டால், பத்தாவது பூஸ்டர் முதலாவதின் விலையில் 58%, நூறாவது 34%. நூறு ஏவுதலுக்கு நூறு செய்பவர் 34-க்கு வந்துவிடுவார், பத்தே செய்பவர் 58-இல் நிற்பார். எனவே "பத்து முறை பறந்தால் பூஸ்டர் செலவு பத்தில் ஒன்று" என்பது தவறு. ஏறத்தாழ ஆறில் ஒன்று. இன்னும் பெரிய ஆதாயம்தான், ஆனால் விளம்பரத்தில் தெரியும் அளவு இல்லை.

நடுவழி ஒன்றும் உண்டு. தன் வல்கன் ராக்கெட்டில் எஞ்சின் பகுதியை மட்டும் கழற்றி, ஊதி விரியும் வெப்பக் கவசத்தால் காத்து மீட்பது யு.எல்.ஏ.வின் திட்டம். அந்தக் கவசத்தின் 6 மீட்டர் மாதிரியை 2022 நவம்பரில் நாசா சுற்றுப்பாதையிலிருந்து இறக்கிச் சோதித்தது. தரையிறங்க எரிபொருளை ஒதுக்க வேண்டாம், சுமை இழப்பு குறைவு, தொட்டி உற்பத்தி முழு வேகத்தில் ஓடும். குறைந்த ஏவுதல் எண்ணிக்கைக்கு இது பொருளாதார அளவில் நியாயமான யோசனை. ஆனால் மீட்ட எஞ்சினைப் புதிய தொட்டியோடு ஒவ்வொரு முறையும் இணைத்துச் சோதிக்க வேண்டும், அந்த உழைப்பு போகாது.

---

சுற்றுப்பாதை:

மேலே போட்ட கணக்குகளில் ஒரு திருத்தம். "பத்து முறை பறக்கும்" என்று வடிவமைத்தால் சராசரி பத்து வராது. ஒவ்வொரு மீட்பும் 90% வெற்றி என்றால், பத்து என்ற உச்ச வரம்போடு சராசரி 6.5 பயணம்தான். 98% என்றால் 9.1. வரம்பை 20 ஆக்கினால் 90 சதவீதக்காரருக்கு 8.8, 98 சதவீதக்காரருக்கு 16.6. மீட்பு நம்பகமாகும் முன் வரம்பை உயர்த்துவதில் பயன் இல்லை. முதலில் தரையிறக்கத்தைச் சரிசெய்ய வேண்டும், பூஸ்டரின் ஆயுளை நீட்டுவது பிறகு. புரூனோ "எல்லா பூஸ்டர்களின் சராசரி" என்று சொன்னதும் இதனால்தான் முக்கியம். 2024 ஆகஸ்டில் 23-வது பயணத்தில் ஒரு பூஸ்டர் இறங்கும்போது கவிழ்ந்தது. அது முன்பே 22 பயணம் சம்பாதித்துவிட்டது, இழப்பு சிறியது. புதிய பூஸ்டர் முதல் பயணத்தில் கவிழ்ந்தால் முழு விலையும் போகும்.

அதனால் கடினமான பயணத்துக்கு எதை அனுப்புவது என்பதிலும் பொருளாதாரம் இருக்கிறது. முழுத் திறனும் தேவைப்படும் கனமான சுமைக்குப் பழைய பூஸ்டரைக் கொடுத்துத் திரும்பி வராமல் விட்டுவிடலாம். 2024 ஏப்ரலில் ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்களை ஏற்றிய பூஸ்டர் தன் 20-வது பயணத்தில் அப்படித்தான் விடப்பட்டது. ஏட்டில் அதன் மதிப்பு கிட்டத்தட்ட சுழியம், கிடைத்ததோ தூக்கி எறியும் ராக்கெட்டின் முழுச் சுமைத்திறன்.

விரிதாளில் சேர்க்க வேண்டிய இன்னொன்று, திரும்பத் தயாராக ஆகும் நாட்கள். 2025 மார்ச்சில் ஒரு பூஸ்டர் ஒன்பதே நாளில் மறுபடி பறந்தது. ஒரு பூஸ்டருக்கு 30 நாள் என்றால் ஆண்டுக்கு 12 பயணம். 120 ஏவுதலுக்குப் பத்து பூஸ்டர் கையிருப்பு போதும். 90 நாள் ஆனால் முப்பது வேண்டும். இருபது பூஸ்டரின் முதலும் வட்டியும் கிடங்கில் தூங்கும்.

---

வானவில்லன்:

இரண்டு சின்னக் கேள்விகள். செலவு இவ்வளவு குறைந்தால் ஃபால்கன் 9-இன் அறிவிக்கப்பட்ட விலை 2022-ல் 6.2 கோடி டாலரிலிருந்து 6.7 கோடிக்கு ஏன் ஏறியது? அப்புறம், நான் போட்டுப் பார்ப்பது ஆண்டுக்கு 8 ஏவுதல் மட்டுமே உள்ள ஒரு கற்பனை ராக்கெட். மீட்பு வெற்றி 90%, பத்துப் பயண வரம்பு, புதுப்பிப்பு 12, சுமை இழப்பு 30%. இதற்கு என்ன வருகிறது?

---

ஆலைக்கணக்கு:

விலையைத் தீர்மானிப்பது அடுத்த மலிவான போட்டியாளர், சொந்தச் செலவு அல்ல. நடுவில் உள்ள வித்தியாசம் மறுபயன்பாட்டை உருவாக்க இட்ட முதலுக்குப் போகிறது. அந்த முதல் குறைந்தது 100 கோடி டாலர் என்று 2017-ல், பறந்த பூஸ்டரை முதன்முறை திரும்பப் பறக்கவிட்டபோது மஸ்க் சொன்னார்.

உங்கள் ராக்கெட்டுக்கு வருவோம். ஆலையின் நிலைச் செலவை 240 என்று வையுங்கள். எட்டு பூஸ்டர் செய்தால் ஒன்றுக்கு 30 விழும், பழைய 60 அப்படியே கிடைக்கும். சராசரி ஆயுள் 6.5 என்பதால் ஆண்டுக்கு 1.23 பூஸ்டர் போதும். பொருளும் உழைப்பும் பூஸ்டருக்கு 33 வீதம் 41. நிலைச் செலவோடு 281, எட்டால் வகுத்தால் 35. புதுப்பிப்பு 12, மற்றவை 40. ஏவுதலுக்கு 87. சுமை முழுதாக நிரம்பும் சந்தையானால் 0.7-ஆல் வகுத்து 124, தூக்கி எறிவதே மேல். ஆண்டுக்கு 24 ஏவுதலுக்குப் போனால் அதே கணக்கு 96-க்கு இறங்கும், அங்கே சிறிதளவு லாபம் உண்டு.

சுமை நிரம்பாத சந்தையானால் 87-ஐ நேரே 100-உடன் ஒப்பிடலாம். ஏவுதலுக்கு 13 மிச்சம், எட்டுக்கு 104. அதாவது ஆண்டுக்கு ஓர் ஏவுதலின் செலவை மிச்சப்படுத்துகிறீர்கள். 100 கோடி டாலரை அன்றைய 6.2 கோடி விலையால் வகுத்தால் 16 ஏவுதல். அதே விகிதத்தில் உருவாக்கச் செலவு உங்களுக்கும் வந்தால், வட்டி சேர்க்காமலே 16 ஆண்டு. எட்டு ஏவுதலோடு நிற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் புதுப்பிப்புக்கான 12-ஐயும் ஆலையின் 240-ஐயும் குறைத்துப் பாருங்கள். பயண வரம்பை 10-லிருந்து 20 ஆக்கினாலும் 87 என்பது 86 ஆகும், அவ்வளவுதான்.